சின்ன எலெக்ட்ரிக் கார், தினசரி ஓட்டம்: மனதை விட்டுப் போகாத அந்த ஒரு சம்பவம்

ஆமைவேகன்

இரண்டரை வருஷம், 41,000 கிலோமீட்டர். 24 யூனிட் பேட்டரி. வேலைக்குப் போக வர 62 கிலோமீட்டர், ராத்திரி வீட்டில் சார்ஜ். தினசரி ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ராத்திரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

விசேஷத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்கு பேர், மழை, எதிர்காற்று. வீட்டுக்கு 60 கிலோமீட்டர் இருக்கும்போது 38%. போதும் என்று 100 கிலோமீட்டர் வேகத்திலேயே வந்தேன். 19 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது பார்த்தால் 11%. பயத்தில் முதலில் ஏசியை அணைத்தேன். இரண்டே நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க ஆவி. மனைவி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தாள். 50-க்கு இறங்கினேன். பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடவே இல்லை.

பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, கார் நின்னுடுமா?" என்றாள். "நிக்காதும்மா" என்றேன். சொன்ன மறு நிமிஷம் மீட்டரில், சார்ஜ் தீரப்போகிறது, இனி வேகம் கிடையாது என்று சொல்லும் அந்த ஆமைப் படம் வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி கேட்கவில்லை.

2%-ல் வாசலுக்கு வந்துவிட்டோம். வண்டி நிற்கவில்லை, சரி. ஆனால் நிற்காது என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

வாசல்படி

எனக்கு நேர் எதிர். சார்ஜ் 71%. வண்டி பிணம்.

காலை ஐந்து மணி. அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். ரிமோட்டை அழுத்துகிறேன், கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவித் திறந்து உட்கார்ந்தால் ஒரு விளக்கும் எரியவில்லை. 12 வோல்ட் பேட்டரி போயிருக்கிறது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் நாலு நாளாகவே செல்ஃப் எடுக்கத் திணறியிருக்கும், நமக்கும் உறைத்திருக்கும். இதில் செல்ஃப் மோட்டாரே கிடையாது. கடைசி நாள் வரை ராஜா மாதிரி ஓடிவிட்டு மறுநாள் செத்துப் போகிறது. பெரிய பேட்டரியை வண்டியோடு சேர்க்கும் காண்டாக்டர் என்ற சுவிட்ச் மூடுவதற்கே அந்தச் சின்ன பேட்டரி தயவு வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வருஷமாக, "இன்னும் பெட்ரோல் போட்டுக்கிட்டு இருக்கீங்களா சார்?" என்று கிண்டல் அடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அவர் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. லுங்கியோடு வந்தார், ஜம்பர் கேபிளை மாட்டினார், ஒரு நிமிஷத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மாவைப் பாத்து கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏதாவது குத்திக் காட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கணக்குவாத்தியார்

ஆமைவேகன் சார், கோபப்படாதீர்கள், நீங்கள் ஏசியை அணைத்ததே தப்பு. ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். 19 கிலோமீட்டரை 50-ல் கடக்க 23 நிமிஷம். மிச்சப்படுத்தியது அரை யூனிட்டுக்கும் கீழே, அதாவது உங்கள் பேட்டரியில் 2%கூட இல்லை. அதற்காக மழை ராத்திரியில் கண் தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் சார்ஜைத் தின்றது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-ல் இருப்பதில் 70-ல் பாதிதான். நீங்களே கொடுத்த எண்களைப் போட்டுப் பாருங்கள்: முதல் 41 கிலோமீட்டருக்கு 27%, அதாவது ஆறரை யூனிட். கடைசி 19-க்கு 9%. முதலிலேயே 75-ல் வந்திருந்தால் ஆமையும் வந்திருக்காது, லாரிக்காரரும் திட்டியிருக்க மாட்டார்.

எனக்கும் ஒருமுறை 9%-ல் மாட்டியது. 60-ல் ஊர்ந்து வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்ல ஆசைப்படுகிறேன். மீட்டரில் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்று காட்டுவதை நம்பாதீர்கள். நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்து அது போடும் கணக்கு. ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்துவிட்டு நெடுஞ்சாலை ஏறினால் ஏமாற்றும். சதவீதத்தைப் பாருங்கள், உங்கள் வண்டி ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்பதை மனப்பாடம் செய்யுங்கள். டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஃபாஸ்ட் சார்ஜரில் 80%-க்கு மேல் உட்கார்ந்திருக்காதீர்கள், அதற்கு மேல் அது சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும், பின்னால் நிற்பவரின் சாபம்தான் மிச்சம். வீட்டிலும் 80%-லேயே நிறுத்துங்கள், பேட்டரி நாள்பட உழைக்கும். 12 வோல்ட் பேட்டரியை மூன்று நான்கு வருஷத்தில் கேட்காமலே மாற்றிவிடுங்கள். வாசல்படி, இது உங்களுக்கு.

வாசல்படி

நான் யோசனை கேட்கவில்லையே சார். மாற்றியாச்சு.

மேட்டுவீடு

80% என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில். வாங்கிய நாள் முதல் ஒற்றைப் பெடலில்தான் ஓட்டினேன். ரீஜென் என்றால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அதில் வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புவது. அதைக் கூட்டி வைத்து, காலை எடுத்தால் வண்டி தானே நிற்கும். ஒரு வருஷம் பிரேக்கை மிதித்த ஞாபகமே இல்லை. ஒருநாள் தூரம் போக வேண்டும் என்று ராத்திரி 100% ஏற்றினேன். காலையில் இறக்கத்தில் வழக்கமான இடத்தில் காலை எடுக்கிறேன்.

வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் மின்சாரத்தைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லை, அதனால் ரீஜென் இருக்காது. இது புத்தகத்தில் இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். ஆனால் காலுக்கு யார் சொல்வது? வளைவில் பள்ளிக்கூட வேன் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. வலது கால் பிரேக்கைத் தேடியது பாருங்கள், அந்த அரை நொடிதான் இன்னும் கனவில் வருகிறது. மிதித்தேன். ஒரு வருஷத் துருவைச் சுரண்டிக்கொண்டு டிஸ்க் ‘கிரீச்’ என்று கத்தியது. வேனுக்கு ஒரு முழம் பின்னால் நின்றேன். வேன் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் 90%-ல் நிறுத்துகிறேன். பேட்டரி ஆயுளுக்காக இல்லை. தெருமுனைக்கு வருவதற்குள் ஒருமுறை சும்மாவாவது பிரேக்கை மிதித்துப் பார்க்கிறேன்.

எல்எஃப்பி_ஏகாம்பரம்

வாத்தியார் சொன்ன 80% எல்லா வண்டிக்கும் பொருந்தாது. உங்களுடையது நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரியாக இருந்தால் சரி. மலிவு விலை வண்டிகள் பலவற்றில் இருப்பது எல்எஃப்பி, இரும்பு பாஸ்பேட். அதில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் நடுவில் ரொம்ப தூரத்துக்கு ஒரே மட்டமாக நிற்கும். அதனால் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்கே சரியாகத் தெரியாது. அவ்வப்போது 100% நிரப்பினால்தான் கணக்கு நேராகும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வாரம் ஒருமுறை முழுக்க ஏற்று என்று போட்டிருந்தால், அதைத்தான் கேட்க வேண்டும், வாத்தியாரை அல்ல.

யாரோ சொன்னார்கள் என்று ஐந்து மாதம் 80% தாண்டாமல் பத்தியம் இருந்தவன் நான். ஒருநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் 17% காட்டிக்கொண்டிருந்தது, நடுப்பாலம் வருவதற்குள் 5%. எங்கேயும் கசியவில்லை, இத்தனை நாளும் பொய்க் கணக்கு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, சட்டுனு குறையுது?" என்றார். "சென்சார் சார்" என்றேன். என்ன சென்சார் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

கணக்குவாத்தியார்

நான் பொதுவாகச் சொன்னேன். என் வண்டி என்எம்சி.

எல்எஃப்பி_ஏகாம்பரம்

அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நிழல்நடை

உங்கள் சண்டைக்கு நடுவே ஒன்று.

சந்துக்குள் ஒரு பெரியவர் நடுவில் நடந்து போகிறார், கையில் மருந்துப் பை. ஹாரன் அடித்தால் பதறுவாரே என்று பின்னாலேயே நடை வேகத்தில் போனேன், ஓரம் ஒதுங்கட்டும் என்று. மரியாதை செய்வதாகத்தான் நினைப்பு. ஏதோ தோன்றி அவர் திரும்பினார். முட்டிக்கு இரண்டடியில் பம்பர். பை கீழே விழுந்து பாட்டில் உடைந்தது. நான் இறங்கி ஓடினேன். "சத்தமே இல்லாம வந்து நிக்கிறியே, எமன் மாதிரி" என்றார். திட்டவில்லை, பயத்தில் சொன்னார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து விற்கும் ஒவ்வொரு புது எலெக்ட்ரிக் காரும் 20 கிலோமீட்டர் வேகம் வரை ஏதாவது ஒலி எழுப்பியே ஆக வேண்டும். என் வண்டியில் அது இல்லை. சந்துக்குள் நுழைந்தால் இப்போது கண்ணாடியை இறக்கி ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன். பார்க்கிறவர்கள் அலட்டல் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். மருந்துக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

பழையசாக்கெட்

சுருக்கமாக. வாடகை வீடு, தனி லைன் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயரை உருளையில் சுற்றியபடியே வைத்து, 10 ஆம்பியரில் ஏழு மணி நேரம், தினமும் ராத்திரி. மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம்தான் கரண்ட் இழுக்கும், கார் விடிய விடிய இழுக்கும் என்று யோசிக்கவே இல்லை.

ஒரு ராத்திரி அம்மா எழுந்து, "ஏதோ கருகுது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, போய்ப் படுங்கள் என்றேன். அவர் படுக்கவில்லை. கீழே போய்ப் பார்த்தால் பிளக் பழுப்பாகி சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் பிடுங்க முடிந்தது. அதற்குக் கீழே பையனின் ஷூ, அதன் மேல் பழைய செய்தித்தாள் கட்டு.

இப்போது வேறு வீடு, தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். இருந்தும் சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

ஆமைவேகன்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார், கணக்கு சரிதான், 75-ல் வந்திருக்கலாம்.

போன வாரம் அதே வழியில் போய் வந்தோம், மழை இல்லை. பாதி வழியில் மகள், "எத்தனை பர்சன்ட் இருக்கு?" என்றாள். 64 என்றேன். சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் எட்டி, மீட்டரைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்கார்ந்தாள்.