கர்ப்ப காலத்தில் கரப்பான் கூடினால் எந்தப் பூச்சு, எவ்வளவு?

வள்ளியூர்ப் பெண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை. ஆறாம் மாதம் நடக்கிறது. சிறு வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் இருந்து, வளர வளரப் பெரும்பாலும் அடங்கிவிட்டது. நான்காம் மாதத்திலிருந்து அதே இடங்கள் மீண்டும் சிவந்து தடித்து, இப்போது கழுத்திலும் மார்புக்குக் கீழேயும் வயிற்றின் பக்கவாட்டிலும் பரவியிருக்கிறது. பகலில் எப்படியோ பொறுத்துக்கொள்கிறேன். இரவில் தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் தலையணை உறையில் இரத்தக் கறையைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்பது பணகுடி, காவல்கிணறு வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். சாரல் குற்றாலத்திற்கு, புழுதி எங்களுக்கு. குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் குடிப்பதற்குப் பிடித்து வைக்கவே பானை போதவில்லை.

திருமணத்திற்கு முன் ஒரு தோல் மருத்துவர் மொமெட்டாசோன் களிம்பு எழுதித் தந்திருந்தார். அதை இப்போது தடவினால் மருந்து பிள்ளைக்கு இறங்கிவிடும் என்று அத்தை தடுக்கிறார்கள். ஆச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறார்கள். கத்தரிக்காய், முட்டை, மீன், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. என் கணவர் மருந்துக் கடையில் கேட்டபோது, சீட்டு எதுவும் கேட்காமல் மூன்று மருந்துகள் கலந்த ஒரு டியூப்பைக் கொடுத்துவிட்டார்கள்; அதை இன்னும் பிரிக்கவில்லை. பழைய களிம்பைப் பூசலாமா, உணவை இப்படிக் குறைப்பது சரியா, பிள்ளைக்கும் இது வருமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாளை தோல் மருத்துவர் எழுதியது:

சகோதரி, முதலில் கடைக்காரர் கொடுத்த அந்த டியூப்பைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இத்தகைய கலவைகளில் பெரும்பாலும் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், பூஞ்சைக்கு ஒரு மருந்தும், பாக்டீரியாவுக்கு ஒரு மருந்தும் இருக்கும். கரப்பானுக்குப் பின்னிரண்டும் தேவையில்லை. குளோபெட்டசாலோ ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமானது. 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்துவிட்டது. ஆனாலும் 'படைக்கு ஒரு டியூப்' என்று கேட்டால் இன்றும் கையில் கிடைப்பது இதுதான்.

கர்ப்பத்தில் கரப்பான் ஏன் திரும்புகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல உதவும். தாயின் உடல் கருவை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்காமல் இருக்க, நோய் எதிர்ப்பு அமைப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒவ்வாமையையும் கரப்பானையும் தூண்டுவது அதே பக்கம்தான். ஆகவே இது நீங்கள் எதையோ தின்றதால் வந்ததும் இல்லை, இரத்தம் கெட்டதால் வந்ததும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு வரும் தோல் நோய்களில் மிகவும் பரவலானது இந்த வகைதான். சிலருக்குக் கர்ப்பத்தில் கரப்பான் குறைவதும் உண்டு. உங்கள் கரப்பான் நேரடியாகக் கருவைப் பாதிப்பதில்லை. தூக்கமின்மையும், புண்ணாகிச் சீழ் பிடிப்பதுமே உங்களைப் பாதிக்கும்.

இனி களிம்பு. இலேசான, நடுத்தர வீரியமுள்ள ஸ்டீராய்டு பூச்சுகளைக் கர்ப்ப காலத்தில் பயன்படுத்தலாம். குழந்தைக்கு ஊனம் வருகிறது என்பதற்கோ, குறைமாதப் பிரசவம் ஆகிறது என்பதற்கோ சான்று இல்லை. குழந்தையின் எடை குறைவதோடு தொடர்பு காணப்பட்டது வீரியமான, மிக வீரியமான வகைகளில், அதுவும் கர்ப்பகாலம் முழுவதும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் பூசியவர்களிடத்தில்தான். 300 கிராம் என்றால் 15 கிராம் டியூப் இருபது. முழங்கை மடிப்புக்கும் கழுத்துக்கும் பூசுகிற ஒருவர் அந்த அளவை நெருங்கவே மாட்டார். உங்களிடம் உள்ள மொமெட்டாசோன் வீரியமான வகையைச் சேர்ந்தது; எனவே கழுத்து, மார்பின் அடி, வயிறு ஆகிய மெல்லிய இடங்களுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனும், தோல் தடித்துப்போன முழங்கைக்கும் முழங்காலுக்கும் மட்டும் சில நாள்கள் மொமெட்டாசோனும் என்று பிரித்துக்கொள்வதே வழக்கம். வயிற்றிலும் தொடையிலும் வீரியமானதை நீட்டித்துப் பூசினால், ஏற்கெனவே இழுபட்டிருக்கும் தோலில் வரிகள் கூடும். பழைய டியூப்பின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஒருமுறை நேரில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். நாளுக்கு ஒருமுறை, தடிப்பு அடங்கும் வரை. பயந்து பயந்து கடுகளவு தொட்டு வைத்தால் நோய் அடங்காது, களிம்பு பூசும் நாள்கள்தான் நீளும். என்னிடம் வரும் கர்ப்பிணிகளில் அதிகம் பூசிக் கெட்டவர்களைவிடக் குறைவாகப் பூசி அவதிப்படுகிறவர்களே மிகுதி.

ஸ்டீராய்டைவிட முக்கியமானது ஈரப்பதம் காக்கும் பூச்சு. உடல் முழுவதும் பூச வாரத்திற்கு ஏறக்குறைய 250 கிராம் செல்லும். வாசனை சேர்த்த விலையுயர்ந்த லோஷன் வேண்டாம். வெள்ளை பாரஃபின், திரவ பாரஃபின் கலந்த சாதாரணப் பூச்சோ தேங்காய் எண்ணெயோ போதும். வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசிவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு முழுவதுமாகக் கழுவப்படாமல் தோலிலேயே தங்கி எரிச்சலூட்டும். அக்குளுக்கும் தொடையிடுக்குக்கும் மட்டும் சோப்புப் போட்டு, மற்ற இடங்களை வெறும் நீரால் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. ஒரு வாளி ஆற்றுத் தண்ணீர் கிடைக்கும் நாளில் அதைக் கடைசியாக ஊற்றிக்கொள்ளுங்கள். பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், பூச்சு படிந்த நைட்டியோடு கேஸ் அடுப்பின் முன் நிற்காதீர்கள்.

இரவு நமைச்சலுக்குச் செட்டிரிசின், லோராட்டடின் போன்றவற்றைக் கர்ப்பத்தில் மருத்துவர் தருவதுண்டு. தூங்கவே முடியாத இரவுகளில் பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, பூச்சின் மேல் சுற்றி, அதன் மேல் உலர்ந்த துணி ஒன்றைச் சுற்றுங்கள். பொன்னிறப் பொருக்கோடு நீர் வடிந்தாலும், ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி வலியும் காய்ச்சலும் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் விரலிடுக்கில் இரவு அரிப்பு இருந்தால் அது கரப்பான் அன்று, சிரங்கு. அதற்கு மருந்து வேறு.

முக்கூடல் மருமகள் எழுதியது:

தங்கைக்கு, மருத்துவர் சொன்னவற்றில் நான் சேர்க்க அதிகம் இல்லை; கைக்கரப்பான் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். நானும் என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சுற்றிக்கொண்டிருந்தேன். நனைத்த இலையை வெட்டுவதால் விரல் எப்போதும் ஈரமாக இருக்கும். அதன் மேல் தூள் ஒட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் தோல் வெடித்து, புளி கரைத்தால் உயிர் போகும். கையுறை மாட்டினால் இலையின் நரம்பு விரலுக்குத் தெரியாது, பீடி பொதுக்கென்று வரும், கம்பெனியில் கழித்துவிடுவார்கள். ஆகவே கையுறை போடுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது.

கிராம சுகாதாரச் செவிலியர் என்னிடம், விரலைப் பற்றிப் பிறகு பேசலாம், புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும், பிரசவம் வரை தூளைத் தொடாதே என்றார். பிறகு என் மாமியார் தூளை எடுத்துக்கொண்டார், நான் நூல் கட்டும் வேலையையும் கட்டுகளை எண்ணி அடுக்குவதையும் மட்டும் செய்தேன். கூலி குறைந்தது உண்மைதான். ஆனால் வெடிப்பு ஆறியது. இரவு படுக்கும் முன் விரல் முழுவதும் கெட்டியாகப் பூச்சைத் தடவி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

உங்களுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு வைப்பார்களே, அன்றைக்கும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். சந்தனத்தையும் குங்குமத்தையும் கரப்பான் உள்ள இடத்தில் பூசாமல், புறங்கையில் ஒரு பொட்டு வைத்தால் போதுமென்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டுப்புடவைக்குள் வியர்த்தால் நமைச்சல் இரண்டு மடங்காகும்; ஏழு வகைச் சோறு சாப்பிட உட்காரும் முன் பருத்திக்கு மாறிவிடுங்கள். கண்ணாடி வளையல் மணிக்கட்டில் உரசும் இடத்தில் வேர்வை தங்காமல் அவ்வப்போது துடைத்து, பூச்சைத் தடவுங்கள். வளையலைக் கழற்றச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

சித்த மருத்துவம் பயின்றவர் எழுதியது:

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள் என்ற முறையில், ஆச்சி சொல்லும் பத்தியத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கரப்பான் பண்டங்கள் என்று மரபில் சொல்லப்படுபவை சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய், கெளிற்று மீன் முதலியவை. கத்தரிக்காயும் கருவாடும் மக்கள் வழக்கில் சேர்ந்துகொண்டன. முட்டையை யார் சேர்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எந்தப் பத்தியமும் நோயாளியின் வயதையும் வலிவையும் நிலையையும் பார்த்துத்தான் விதிக்கப்படும். ஆறாம் மாதத்தில் இருக்கும் பெண்ணிடமிருந்து முட்டையையும் மீனையும் பறித்தால், குழந்தைக்கும் அவளுக்கும் வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் எங்கிருந்து வரும்? ஒரு குறிப்பிட்ட பொருளைத் தின்ற சிறிது நேரத்திலேயே உதடு வீங்குகிறது, உடம்பெங்கும் தடிக்கிறது என்றால் அந்த ஒன்றை மட்டும் விலக்கலாம். தாய் பத்தியம் இருந்தால் பிள்ளைக்குக் கரப்பான் வராது என்பதற்குச் சான்று இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது, அவ்வளவே. வந்தாலும் பெரும்பாலும் வளர்ந்தபின் தணிந்துவிடும்.

வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து, சொறிந்து தோல் உரிந்த இடத்தில் அப்பினால், காயும்போது தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். சிலருக்கு அதுவே புது ஒவ்வாமையாக முடிகிறது. சீயக்காயும் அரப்பும் அப்படியே. ஆச்சியின் மனம் நோகாமல் இருக்க, வேப்பிலையைக் குளியல் அறை வாசலில் கட்டிவிடச் சொல்லுங்கள்.

இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது, உள்மருந்தைப் பற்றி. கரப்பானுக்கு என்று பற்பம், செந்தூரம் எதையும் கர்ப்பத்தில் உண்ணக் கூடாது; இரசம், தாளகம், பாஷாணம் சேர்ந்த மருந்துகள் அவற்றில் உண்டு, அதாவது பாதரசமும் ஆர்சனிக்கும். பரம்பரை வைத்தியர் என்று சொல்லிப் பொட்டலத்தில் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள். பெயர் தெரியாத மருந்து இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். அருகன் தைலம் போன்ற வெளிப்பூச்சைக்கூடப் பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

வள்ளியூர்ப் பெண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டியூப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்று காலை அத்தையே முட்டை அவித்துக் கொடுத்தார்கள். இன்னொன்று கேட்க வேண்டும். என் நாத்தனாருக்கு எட்டாம் மாதம். அவர்களுக்குக் கரப்பான் ஒருபோதும் இருந்ததில்லை. சில நாள்களாக உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரிப்பதாகச் சொல்கிறார்கள். பார்த்தால் சொறிந்த கீறலைத் தவிரத் தடிப்போ சிவப்போ எதுவும் இல்லை. நான் பூசும் பாரஃபினையே அவர்களுக்கும் கொடுக்கலாமா, டாக்டர்?

பாளை தோல் மருத்துவர் எழுதியது:

கொடுக்கலாம்; ஆனால் அதை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். கடைசி மூன்று மாதங்களில், தோலில் எதுவும் இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி இரவில் கூடுகிற அரிப்பு, கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இது தோல் நோய் அன்று. மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டியது. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும், இரத்தத்தில் பித்த அமில அளவும் பார்ப்பார்கள். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது என்பதால், பிரசவத்தை முன்கூட்டியே திட்டமிடுவார்கள். முதல் பரிசோதனை சரியாக வந்தும் அரிப்பு நீடித்தால், சில நாள்கள் கழித்து மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அரிப்பு முன்னால் வந்து, இரத்தத்தில் மாற்றம் பின்னால் தெரிவதும் உண்டு. சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போகிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டாலும் செல்லுங்கள்.

அரசு மருத்துவமனைக்குச் செல்வதானால், 'அரிப்பு' என்று மட்டும் சொன்னால் தோல் பிரிவுக்கு அனுப்பிவிடக்கூடும். ஆகவே மகப்பேறு பிரிவிலேயே எட்டாம் மாதம், தடிப்பு இல்லை, உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன, இரவில் கூடுகிறது என்று நான்கையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணி அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் நாளைக்கு என்று வைக்காமல் இன்றிரவே கிளம்புங்கள்.