எந்த இழை ஆக்சானாகும்? முடிவெடுக்கும் புரதம் எது?

பினாங்கு மாணவி:
வணக்கம். உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளர்ப்புத் தட்டில் இட்ட எலிக்கருவின் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியின் நரம்பணு முதலில் நான்கைந்து குட்டை இழைகளை நீட்டும் என்றும், ஒன்றரை நாளுக்குள் அவற்றுள் ஒன்று மட்டும் விரைந்து நீண்டு, சமிக்ஞையை வெளியே அனுப்பும் ஆக்சானாகும் என்றும், எஞ்சியவை பின்னர் சமிக்ஞையைப் பெறும் டென்டிரைட்டுகளாகும் என்றும் படித்தேன். எல்லாம் ஒன்றுபோல் இருக்கையில் அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் புரதம் எது? பட்டர்வொர்த் வீட்டில் அம்மா சுரைக்கொடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் கிளம்பும், இதுவும் அப்படித்தானா?

கோலாலம்பூர்வாசி:
தங்கைக்கு வணக்கம். சுரைக்கொடியில் பல கிளைகள் கிளம்பும்; இங்கே பெரும்பாலும் ஒன்றுதான் வெல்லும். ஆக்சானை வெட்டினால், எஞ்சிய அடித்துண்டு மற்ற இழைகளைவிட ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டராவது நீளமாக இருந்தால் அதுவே மீண்டும் ஆக்சானாகும், இல்லையேல் வேறோர் இழை அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று 1989-இல் ஆய்வாளர்கள் கோஸ்லினும் பேங்கரும் காட்டினர். அப்படியானால் நரம்பணு தன் இழைகளின் நீளத்தை எப்படி அளக்கிறது?

ஷூட்டின்1 என்ற புரதத்தைப் பாருங்கள். அணுவுடலிலிருந்து அலை அலையாக இழைநுனிக்குச் சுமந்து செல்லப்படும் அது, விரவல் மூலம், அதாவது தானாகப் பரவி, மெல்லத் திரும்புகிறது. இழை நீளநீளத் திரும்புவது தாமதமாகும். ஆகவே நுனியில் சேரும். சேர்ந்தது அங்கே பின்னோக்கி ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளை வெளித்தளத்தோடு பிணைத்து, வழுக்கும் தரையில் காலூன்றுவதுபோல் நுனியை முன்னே தள்ளும். நீண்டதால் சேர்கிறது, சேர்ந்ததால் நீள்கிறது. அதன் மொத்த அளவோ குறைவு. ஒன்று அள்ளிக்கொண்டால் மற்றவற்றுக்குப் பற்றாக்குறைதான்.

இழையின் உள்ளே அதைத் தாங்கும் நுண்குழல்களும் உறுதிப்பட வேண்டும். நுண்குழல்களின் கட்டுப்பொருளான டியூபுலினைப் பிடித்து அவற்றைக் கட்டும் சிஆர்எம்பி-2 புரதத்தில் ஜிஎஸ்கே-3பீட்டா என்ற நொதி பாஸ்பேட் ஏற்றினால் அந்தப் பிடி தளரும். வெல்லும் நுனியில் பிஐ3-கைனேஸ் என்ற மற்றொரு நொதியின் சமிக்ஞை ஜிஎஸ்கே-3பீட்டாவை அடக்கிவைக்கிறது. சிஆர்எம்பி-2-ஐ அளவுக்கு மீறி உற்பத்தி செய்த அணுக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சான்கள் முளைத்ததை 2001-இலேயே கண்டார்கள். ஆகவே நடுவராக எந்தப் புரதமும் அமர்ந்திருக்கவில்லை என்பதே என் கருத்து.

ஈப்போ ஆசிரியர்:
தட்டில் நடப்பதை அப்படியே மூளைக்குப் பொருத்திவிட வேண்டாம். பெருமூளைப் புறணியில் இடம்பெயரும் நரம்பணுவுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு நீட்சிகள் உண்டு. பின்னால் இழுபடுவதே வழக்கமாக ஆக்சானாகிறது. அங்கே எல்கேபி1 என்ற கைனேஸை (பாஸ்பேட் ஏற்றும் நொதியை) நீக்கிய சுண்டெலிகளில் ஆக்சானே உருவாகவில்லை என 2007-இல் அறிந்தனர். எல்கேபி1, சாட் எனப்படும் வேறு கைனேஸ்களை முடுக்குகிறது.

பினாங்கு மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. முதிர்ந்த அணுவிலும் வேறோர் இழை ஆக்சானாக முடியுமா?

கோலாலம்பூர்வாசி:
முடியும். முதிர்ந்த அணுவின் ஆக்சானை உடலுக்கு மிக அருகில் வெட்டினால் ஒரு டென்டிரைட்டே ஆக்சானாக மாறக்கூடும். தள்ளி வெட்டினால், உறுதியான நுண்குழல்கள் எஞ்சியிருக்கும் பழைய ஆக்சானே மீண்டும் வளரும்.