புதுப்பிப்பு: பட்டம்பாங்கிலேயே இருக்கிறேன்

கம்போடியாவின் பட்டம்பாங்கில் தன்னார்வ ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை, பிராஹோக் என்ற புளிக்கவைத்த மீன் விழுதின் வாடையில் சாப்பாடு இறங்கவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். திரும்பவில்லை.

‘தனியாக எழுப்பிக் கேட்காதீர்கள், இருவர் இருவராகப் பேச விடுங்கள்’ என்று உங்களில் ஒருவர் சொன்ன யோசனைதான் வகுப்பை மாற்றியது. பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்த பதிலை எழுந்து சொல்ல இப்போது கூச்சமில்லை. சொல்லின் கடைசி ‘ஸ்’ ஒலியைத்தான் இன்னும் விழுங்குகிறார்கள். இங்குள்ளவர்களின் தாய்மொழியான கெமர் பேச்சில் அது இறுதியில் வராது. உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடித்து, ‘ரைஸ்’ என்று சொல்லி, காற்று படுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, காற்று பட்டதும் ஓடிவந்து கையை நீட்டிக் காட்டினாள். அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை.

 அந்தப் பிராஹோக்கையே தேங்காய்ப்பாலில் சமைத்துப் பச்சைக் காய்களோடு தருவதை இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். தனிமை மட்டும் தீரவில்லை. காலைப் பள்ளி விட்டு மதியப் பள்ளி தொடங்கும்வரை நேரம் நகர மறுக்கிறது.

வர நினைப்பவர்களுக்கு: சுற்றுலா விசாவை ஒரே ஒருமுறை, ஒரு மாதத்துக்குத்தான் நீட்டிக்க முடியும். நீண்ட நாள் தங்குவதென்றால் ‘இ’ வகை விசாவே எடுத்து வாருங்கள்.