‘லைட்’ என்றால் எதைவிட?

சித்தி: சர்க்கரை நோய் வந்தபிறகு பிஸ்கட்டைத் தொடவே இல்லை. இன்று ‘லைட்’ என்று போட்ட ஒன்றை வாங்கினேன். இனி பயமில்லை.

நான்: சித்தி, பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்! எதில் குறைத்திருக்கிறார்கள்?

சித்தி: கொழுப்பில்.

நான்: அப்படியானால் சர்க்கரையைப் பற்றி அந்தச் சொல் எதுவுமே சொல்லவில்லை. கொழுப்பை எடுத்தால் ருசி குறையும். அதை ஈடுகட்டச் சர்க்கரையையோ மாவுச்சத்தையோ கூட்டுவதும் உண்டு. பின்பக்க அட்டவணையைப் படியுங்கள்.

சித்தி: 100 கிராமுக்குக் கொழுப்பு 15 கிராம், மாவுச்சத்து 70 கிராம்.

நான்: எழுபது! உங்களுக்கு முக்கியம் அந்த எண்தான். கொழுப்பும் ஒன்றும் குறைவில்லை. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர வழிகாட்டுதலின்படி, ஒப்பிடும் பொருளைவிட 25 சதவீதம் குறைந்தாலே ‘லைட்’ என்று போடலாம். இருபது கிராம் கொழுப்பு பதினைந்தானால் போதும். ‘குறைந்த கொழுப்பு’ என்று போட வேண்டுமானால் திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது. குறைத்தது வேறு, குறைவானது வேறு.

மாமா: நான் வாங்கும் ‘லைட்’ ஆலிவ் எண்ணெய்?

நான்: நிறமும் மணமும்தான் லைட், மாமா. கலோரி கிராமுக்கு அதே 9.

அம்மா: தாத்தாவுக்காக ஒரு வாரமாகச் ‘சோடியம் குறைத்த’ உப்பில் சமைக்கிறேன். அது நல்லதுதானே?

நான்: அம்மா, தாத்தாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறதே! அந்த வகை உப்பு பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதுபட்டிருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் பொட்டாசியத்தைக் கூட்டும். உடனே பாருங்கள்.

அம்மா: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு என்றுதான் இருக்கிறது. இவ்வளவு முக்கியமானதை இத்தனை சிறிய எழுத்திலா போடுவது?

மாமா: அக்கா, அதை இப்போதே நிறுத்திவிடுங்கள். அப்பாவின் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறேன். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்கிறேன்.

நான்: மாமா, அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் சொல்லுங்கள். சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா: டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். இரவுச் சமையலுக்கு வழக்கமான உப்புதான், அதுவும் கொஞ்சமாக. மருத்துவர் சொன்னதை உடனே நம் குடும்பக் குழுவில் எழுது, தம்பி.