4 அடி ரீஃப் டேங்கில் ஹிப்போ டாங்: டிரிப் எவ்வளவு நேரம்?

வேளச்சேரி_ரீஃப்

வணக்கம். என் கடல்நீர் மீன் டேங்க் 4 x 1.5 x 1.5 அடி, கீழே சம்ப் (ஃபில்டர் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி). இரண்டு வருடத்துக்கு மேல் ஓடுகிறது. உள்ளே ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் கிளவுன், ஒரு யெல்லோடெயில் டாம்சல், ஒரு சிக்ஸ்லைன் ராஸ். கோரலில் ஹேமர், டங்கன், கொஞ்சம் ஜோவா. உப்பு (ஒப்படர்த்தி) 1.025, சில்லர் இருப்பதால் வெப்பம் 26–27ஐ விட்டு நகர்வதில்லை. நைட்ரேட் 10 சுற்றி. கடைசியாக மீன் விட்டே ஒரு வருடம் தாண்டிவிட்டது, எல்லாம் அமைதியாகப் போகிறது.

இப்போது மகளுக்கு ஹிப்போ டாங் (நீல நிறக் கடல் மீன்) வேண்டுமாம். கொளத்தூரில் ஒரு கடையில் பார்த்தோம். இரண்டு அங்குலக் குட்டி, சுறுசுறுப்பாக நீந்துகிறது, உடம்பில் ஒரு புள்ளி இல்லை. கூடவே ஒரு ஃபயர்ஃபிஷும் எடுக்க எனக்கு ஆசை.

கேள்வி இதுதான். டிரிப் (டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் கலந்து புது மீனைப் பழக்குவது) எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? ஒருவர் 45 நிமிடம் என்கிறார், இன்னொருவர் 3 மணி நேரம் என்கிறார். விளக்கை அணைத்துவிட்டு ராத்திரி விட்டால் சிக்ஸ்லைன் வம்புக்கு வராது என்பது உண்மையா? கியூடி (புது மீனைத் தனியாக வைக்கும் குவாரன்டைன்) டேங்க் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

உப்புத்தண்ணி_கோவை

ஞாயிற்றுக்கிழமை எடுக்காதீங்க தம்பி.

டிரிப்பை அப்புறம் பேசுவோம். முதலில் அந்த மீன். ஹிப்போ டாங் வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். உங்கள் டேங்கின் நீளம் 120. பாறை போக அது நீந்துவதற்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். "பெரிசானதும் கடையில் திருப்பிக் கொடுத்துடலாம்" என்பார்கள். பயந்தால் பாறை இடுக்கில் புகுந்து முள்ளை விரித்துக்கொண்டு இறுகிக்கொள்கிற மீன் அது. அதை வெளியே எடுக்கப் பாறையை எல்லாம் கலைக்க வேண்டும், உங்கள் ஹேமர் ஒட்டியிருக்கிற பாறையையும் சேர்த்து.

கடையில் புள்ளி இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல கடைகளில் மீன் சிஸ்டத்தைத் தனியாக வைத்து, உப்பைக் குறைத்து, கொஞ்சம் செம்பு மருந்தும் ஓடவிட்டிருப்பார்கள். வியாபாரத்துக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் இச் (வெள்ளைப் புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி) அடங்கித்தான் இருக்கும், போயிருக்காது. உங்கள் வீட்டு 1.025 தண்ணீரில் செம்பு இல்லை, மீனும் இடம் மாறிய பயத்தில் இருக்கும். அப்போதுதான் தலைகாட்டும். டாங் வகைகளுக்கே இச் சீக்கிரம் வரும், அதிலும் ஹிப்போவைக் கேட்கவே வேண்டாம்.

இச் வந்தால் ஏன் இவ்வளவு தொல்லை என்றால், நாம் பார்க்கிற வெள்ளைப் புள்ளி அதன் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். மீனின் மேல்தோலுக்கு அடியில் சில நாள் தின்று பருமனாகும். பிறகு உதிர்ந்துவிடும். புள்ளி போனதும் "தானே சரியாகிவிட்டது" என்று எல்லோரும் நிம்மதியாவது அப்போதுதான். உதிர்ந்தது மணலிலோ பாறையிலோ கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 3 நாளிலிருந்து 28 நாளுக்குள் அந்தக் கூடு வெடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வரும். அவற்றுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். உங்கள் டேங்கில் நாலு மீன் காத்திருக்கிறது, கிடைக்காமலா போகும்?

வந்த பிறகு மருந்து கொட்டவும் முடியாது. செம்பு கோரலைக் கொல்லும், இறாலையும் நத்தையையும் கொல்லும், பாறையிலும் மணலிலும் ஏறிக்கொள்ளும். எல்லா மீனையும் பிடித்து வெளியே வைத்துவிட்டு ரீஃபை மீனில்லாமல் ஓடவிட வேண்டும். அதற்கு 76 நாள் என்பது பழைய கணக்கு. தண்ணீரை 27 டிகிரியில் வைத்தால் 45 நாள் போதும் என்று இப்போது சொல்கிறார்கள். எப்படியும் ஒன்றரை மாதம். அதற்குப் பதிலாக, வருகிற ஒரு மீனை ஒரு மாதம் தனியாக வைப்பது எவ்வளவோ லேசு.

சரி, டிரிப். கொளத்தூரிலிருந்து வேளச்சேரி என்ன, டிராஃபிக்கோடு ஒன்றரை மணி நேரம். அந்தப் பைத் தண்ணீர் கெட்டுப்போயிருக்காது. பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் பைத் தண்ணீரின் உப்பைப் பாருங்கள். கடையில் 1.019 என்றால் கியூடியையும் 1.019இல் தயாராக வைத்து நேராக விட்டுவிடலாம். அப்புறம் ஒரு வாரமாக மெல்ல மெல்ல 1.025க்கு ஏற்றலாம். மீனுக்கு உப்பு இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம். அரை மணி நேர டிரிப்பில் 1.019லிருந்து 1.025க்கு இழுப்பதுதான் பல மீன்கள் மூன்றாம் நாள் சாகக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

விமானத்தில், கூரியரில் 20 மணி நேரம் அடைபட்டு வரும் பை வேறு கதை. உள்ளே மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியா அவ்வளவாக விஷமாகாத வடிவத்தில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். அந்தத் தண்ணீரில் 3 மணி நேரம் டிரிப் வைத்தால் மீனைச் செவுள் வேக வைத்துக் கொல்வதுதான். திறந்ததும் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்.

பாறை_பைத்தியம்

கோவை அண்ணன் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். நான் கியூடி வைப்பதே இல்லை. கடையில் பணம் கட்டிவிட்டு மீனை இரண்டு வாரம் அங்கேயே விட்டுவைப்பேன். தினமும் சாப்பிடுகிறதா என்று கடைப் பையனிடம் கேட்பேன். அப்புறம் நேராக மெயின் டேங்க். 25 வாட் யுவி (கிருமி கொல்லும் விளக்கு) ஓடுகிறது, இரண்டு கிளீனர் இறால் இருக்கிறது, சாப்பாடு நன்றாகப் போடுகிறேன். புள்ளி எப்போதாவது ஒன்றிரண்டு தெரியும், போய்விடும். இயற்கைக் கடலில் இச் இல்லையா என்ன?

அவசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கியூடி என்று வைத்து, அதில் அம்மோனியா ஏறி மீனைக் கொன்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். புதிதாகச் செய்கிறவருக்கு அதையும் சொல்லுங்கள்.

உப்புத்தண்ணி_கோவை

கடைசிப் பத்தி நூற்றுக்கு நூறு உண்மை. அதற்கு வருகிறேன்.

மற்றதில் எனக்குச் சம்மதமில்லை. இச் தோலுக்கு மேலே உட்கார்ந்திருக்கவில்லை, அடியில் இருக்கிறது. இறாலால் அதை எடுக்க முடியாது. யுவி தன் வழியே போகிற தண்ணீரில் உள்ளதை மட்டும் கொல்லும், மணலில் கூடு கட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது. எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். கடலில் உதிர்ந்த இடத்துக்கு மீன் திரும்பி வருவதில்லை, உங்கள் டேங்கில் அதே மூலையில்தான் தினமும் தூங்குகிறது. இச்சாவது நாள் கொடுக்கும். வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி வந்தால் இரண்டு மூன்று நாளில் டேங்கே காலி. கிளவுனுக்கு புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி வந்தாலும் அப்படித்தான், அதற்குச் செம்பு கேட்காது, ஃபார்மலின் மருந்துதான்.

வேளச்சேரி தம்பி, கியூடிக்கு 2 அடிக் கண்ணாடி டேங்க் போதும். மணல், பாறை எதுவும் கூடாது. செம்பை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குழப்பும். ஒளிய இடம் வேண்டுமே, ஹார்டுவேர் கடையில் பிவிசி எல்போ நாலு வாங்கிப் போடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்றைக்கே உங்கள் சம்பில் போட்டுவிடுங்கள். மூன்று நாலு வாரத்தில் அதில் பாக்டீரியா ஏறிவிடும். பாறை_பைத்தியம் சொன்ன அம்மோனியா சாவு அந்த ஸ்பாஞ்ச் இல்லாததால்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான்.

மருந்து என்றால் கீலேட்டட் காப்பர் (ஒரு வகைச் செம்பு மருந்து), 2.5 பிபிஎம் சுற்றி, 30 நாள். முதல் நாளே முழு அளவு வேண்டாம். மீன் சாப்பிடத் தொடங்கியதும் நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். சாப்பாட்டை நிறுத்தினால் ஏற்றுவதை நிறுத்துங்கள். அளக்க ஹன்னாவின் ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் வேண்டும். நிறம் பார்த்துச் சொல்கிற கிட்டை நம்பாதீர்கள், 1.5க்கும் 2.5க்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. செம்பு இருக்கும்போது அம்மோனியாவைக் கட்டுகிற திரவம் எதையும் ஊற்றாதீர்கள், செம்பின் விஷம் ஏறும். தண்ணீர் மாற்றுங்கள், மாற்றுகிற தண்ணீரிலும் அதே அளவு செம்பு கலந்திருக்க வேண்டும்.

செம்புக்கு ஃப்ளூக் (தட்டைப்புழு ஒட்டுண்ணி) சாகாது. அதற்கு பிராசிகுவான்டெல் மருந்து, ஒரு வாரம் விட்டு இரண்டாவது டோஸ்.

சிக்ஸ்லைன் பற்றிக் கேட்டீர்களே. விளக்கணைத்து விடுவது நல்லதுதான், ஆனால் அது முதல் ராத்திரிக்கு மட்டும். காலையில் சிக்ஸ்லைன் எழுந்து பார்க்கும். டேங்குக்குக் கடைசியாக வர வேண்டிய மீன் அது. முதலில் வந்துவிட்டால் வீட்டுக்காரரே தான்தான் என்று நினைக்கும் வாடகைக்காரர் கதைதான். ஃபயர்ஃபிஷ் சாதுவிலும் சாது. துரத்தினால் எதிர்க்காது, மேலே துள்ளி வெளியே விழும். மூடி இல்லாத டேங்கில் ஃபயர்ஃபிஷ் இறந்தால் பெரும்பாலும் தரையில்தான் கிடைக்கும்.

நீலாங்கரை_அலை

ஃபயர்ஃபிஷ் பற்றி ஒரு யோசனை. ஓட்டை போட்ட அக்ரிலிக் அக்ளிமேஷன் பாக்ஸில் விட்டு டேங்குக்குள்ளேயே ஒரு வாரம் தொங்கவிடுங்கள். சிக்ஸ்லைன் வந்து முட்டிப் பார்த்துச் சலித்துப்போகும். திறந்துவிடும் நாளில் இரண்டு மூன்று பாறையை இடம் மாற்றிவையுங்கள், எல்லாருக்கும் புது ஊராகிவிடும். அப்படியும் விடாமல் துரத்தினால் பாக்ஸில் போட வேண்டியது சிக்ஸ்லைனைத்தான். என்னிடம் அதுதான் நடந்தது, சிக்ஸ்லைன் இப்போது நண்பர் வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று. கியூடிக்கு உப்பு மிச்சம் பிடிக்கலாம் என்று கோவளம் பக்கம் கடல் தண்ணீர் எடுக்கப் போனால், ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். மழைத் தண்ணீர் சேர்ந்து கரையோரத்தில் உப்பு இறங்கிக் கிடக்கும், கலங்கலும் அதிகம். எந்த மாதமாக இருந்தாலும் அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

வேளச்சேரி_ரீஃப்

எல்லோருக்கும் நன்றி. ஸ்பாஞ்ச் சம்பில் போட்டாகிவிட்டது. 30 செ.மீ. என்று ஸ்கேல் வைத்துக் காட்டியதும் மகள் யோசிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஹிப்போ வேண்டாம் என்றால் 4 அடிக்கு வேறு டாங் எதுவுமே கிடையாதா? கியூடியை பால்கனியில் வைக்கலாமா? ஹாலில் இடம் மெயின் டேங்குக்கு ஒட்டித்தான் இருக்கிறது.

உப்புத்தண்ணி_கோவை

பிரிசில்டூத் வகை டாங் பாருங்கள். நம் இந்தியப் பெருங்கடலிலேயே இருக்கிற கோல்டு-ரிங், 16 செ.மீ. தாண்டாது. சின்னதாக இருக்கும்போது நல்ல மஞ்சள், மகளுக்குப் பிடிக்கலாம். டோமினியும் அந்த அளவுதான். இரண்டும் கண்ணாடியிலும் பாறையிலும் படியும் பாசிப்படலத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கியூடி கண்ணாடியில் அது இருக்காது, அதனால் மசாலா தடவாத நோரி ஷீட்டைக் கிளிப்பில் மாட்டித் தினமும் கொடுங்கள். கடையில் வாங்கும்போது வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா, உதடு காயமாக இருக்கிறதா பாருங்கள். சுரண்டுகிற வாய் அடிபட்டிருந்தால் வாங்காதீர்கள்.

மெயின் டேங்கை ஒட்டி வேண்டாம். காற்றுக் குமிழ் தெறிக்கிற துளியில்கூட வெல்வெட் போகும், பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். வலை, வாளி, கை எல்லாம் தனி. பால்கனியும் வேண்டாம். சென்னை வெயிலில் 60 லிட்டர் தண்ணீர் மத்தியானத்துக்குள் 32 தாண்டும். சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும், செம்பிலிருக்கும் மீனுக்கு அது இரட்டைச் சோதனை. படுக்கையறையில் ஏசி ஓடும் இல்லையா, அங்கே வையுங்கள், ஹீட்டரும் போட்டுக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கிவையுங்கள். சத்தத்துக்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.