நிக்கான் டி700-ஆ, கேனான் 5டி மார்க் 2-ஆ?

கேள்வி: இரண்டுமே 2008-இல் வந்த ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராக்கள். எனக்குப் பறவைகளும் எடுக்கணும், நிலக்காட்சியும் எடுக்கணும். லென்ஸ் எதுவும் இன்னும் வாங்கவில்லை. எதற்குப் போகலாம்?

பதில் 1: பறவை என்றால் யோசிக்காமல் டி700. 51 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 5 படம், பேட்டரி கிரிப்பும் (கேமராவின் அடியில் மாட்டும் கூடுதல் பிடி) அதற்கேற்ற பேட்டரியும் போட்டால் 8 வரை போகும், ஆனால் 12 மெகாபிக்சல்தான் என்பதால் தூரத்துப் பறவையை ரொம்ப கிராப் செய்ய (வெட்டிப் பெரிதாக்க) முடியாது.

பதில் 2: நிலக்காட்சிக்கு 5டி மார்க் 2 தான். 21 மெகாபிக்சல், பெரிய பிரிண்டில் இலை இலையாகத் தெரியும். வீடியோவும் உண்டு, டி700-இல் அது கிடையவே கிடையாது. ஃபோகஸுக்கு மட்டும் நடுப்புள்ளியையே நம்புங்கள்.

பதில் 3: அப்புறம், செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, கேட்காமல் வாங்காதீர்கள். இரண்டிலும் ஷட்டர் 1,50,000 படம் வரை தாங்கும் என்றுதான் நிறுவனங்கள் சொன்னது.