மகனின்றி முடிந்த பட்டம்: ஒரு சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,
இந்தியாவில் கம்பெனி ஆட்சியின் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி பிரபுவின் வாழ்க்கைக் குறிப்பை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். 1860 டிசம்பரில் இறந்த அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. 1849இல் பெற்ற மார்க்குவிஸ் என்ற பிரபுப் பட்டம் அவரோடு முடிந்தது. 1633 முதல் குடும்பத்தில் வரும், அதற்குக் கீழ்ப்படியான ஏர்ல் பட்டம் உறவினர் பாக்ஸ் மாலுக்குப் போனது. முன்னதை ‘அழிந்த பட்டம்’ என்றால் யாரோ அழித்ததுபோல் இருக்கிறது. ‘காலாவதியான பட்டம்’ என்றால் ஓட்டுநர் உரிமம் நினைவுக்கு வருகிறது.

—

‘எச்சமிலிப் பட்டம்’ என்க. அஞ்சு என்பதிலிருந்து அச்சம் வருவதுபோல், எஞ்சு என்பதிலிருந்து எச்சம். “தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்” என்பது குறள். பரிமேலழகர் எச்சத்துக்கு நன்மக்கள் என்றே உரை கண்டார். பெயரெச்சம், வினையெச்சம் என்பவையும் முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பவையே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலும் எச்சவியல்தான்...

—

ஐயா, எச்சம் என்றதும் என் வகுப்பில் பிள்ளைகள் காக்கையைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். ‘வாரிசற்ற பட்டம்’ போதாதா?

—

வாரிசு அரபுச் சொல். அதைக்கூடப் பொறுக்கலாம், பொருள் பிழைப்பதை எப்படிப் பொறுப்பது? வாரிசு இருந்ததால்தானே ஏர்ல் பட்டம் கைமாறியது! மார்க்குவிஸ் பட்டமோ, அதைப் பெற்றவரின் நேர் ஆண்வழிக்கு மட்டும் உரியது. ‘வழியற்ற பட்டம்’ எனலாம்.

—

வழியற்ற என்றால் சோற்றுக்கு வழியற்ற என்றல்லவா காதில் விழுகிறது?

—

சொல்லை விடுங்கள், ஆளைப் பாருங்கள். மகனில்லை, தத்துப்பிள்ளை செல்லாது என்று சதாராவையும் ஜான்சியையும் எடுத்துக்கொண்டவர். தஞ்சை நாடு 1799இலேயே கம்பெனிக்குப் போய்விட்டது. மிஞ்சிய மன்னர் பட்டத்தையும் 1855இல் ஒழித்தவர். பாடநூலில் ‘வாரிசு இழப்புக் கொள்கை’ என்று மனப்பாடம் செய்தோமே, அதை அவர் பட்டத்துக்கே சூட்டலாம்.

—

ஒரு குறிப்பு. இவருடைய ஏர்ல் பட்டம் ஸ்காட்லாந்துப் பட்டம். மார்க்குவிஸ் ஐக்கிய இராச்சியத்துப் பட்டம். தவிர, அரசருக்கு எதிரான 1715 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக ஏர்ல் மாரிஷல் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு இழந்தது போன்றவை ‘பறிக்கப்பட்ட பட்டங்கள்’. உரிமை கோர ஆளின்றிக் கிடப்பவை ‘உறங்கும் பட்டங்கள்’. வழியின்றி முடிந்தவை, பறிக்கப்பட்டவை, உறங்குபவை என்ற மூன்றையும் குழப்பாதீர்கள்.

—

அனைவருக்கும் நன்றி. நாலு பேர் சரி என்றதால் ‘வழி அற்றுப்போன பட்டம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த பத்தியிலேயே பாக்ஸ் மாலும் 1874இல் பிள்ளையின்றி இறக்கிறார். அவருடைய பான்மியூர் பிரபுப் பட்டமும் முடிகிறது. அங்கும் அதே சொல்தான்.

—

நான் உடன்படவில்லை. இரண்டாம் இடத்திலாவது ‘எச்சமிலி’ போட்டிருக்கலாம்.